சிவப்பு கலர், ரெண்டு கதவு இருந்தா ஸ்போர்ட்ஸ் காரா? வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள்

இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது, பிஒய்டி சீல் காரின் பெர்ஃபார்மன்ஸ் மாடல். எலெக்ட்ரிக் கார். நான்கு கதவு, ஐந்து பேர் உட்காரலாம். நின்ற இடத்தில் இருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட 3.8 விநாடி போதும் என்கிறது நிறுவனம். இரண்டாவது, ஜப்பானின் மஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டே சீட், துணிக் கூரை, 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். அதே 100 கி.மீ. வேகத்துக்கு இது சுமார் ஆறரை விநாடி எடுத்துக்கொள்ளும்.

இந்த ரெண்டுல எது ஸ்போர்ட்ஸ் கார்?

வேகத்தை மட்டும் பார்த்தால் முதல் கார்தான். ஆனால் கார் உலகத்தில் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் மஸ்டாவைத்தான் காட்டுவார்கள். வேகம் குறைவான கார் எப்படி ஸ்போர்ட்ஸ் கார் ஆகிறது? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் லட்சக்கணக்கில் பணத்தைப் போடுபவர்கள்தான் பின்னால் வருத்தப்படுகிறார்கள். ரீல்ஸில் "25 லட்சத்துக்கு ஸ்போர்ட்ஸ் கார்" என்ற விளம்பரங்கள் வரிசைகட்டி வரும் நேரத்தில், இதைத் தெளிவாகப் புரிந்துகொள்வது அவசியம்.

ஸ்போர்ட்ஸ் கார்னா என்ன?

இதற்குச் சட்டத்தில் தனி விளக்கம் எதுவும் இல்லை. ஆர்.சி. புத்தகத்தில் "ஸ்போர்ட்ஸ் கார்" என்று தனிப் பிரிவும் கிடையாது. அதனால் எந்த நிறுவனமும் எந்த காருக்கும் "ஸ்போர்ட்" என்று பேட்ஜ் ஒட்டலாம். ஒட்டவும் செய்கிறார்கள்.

ஆனால் கார் வடிவமைப்பாளர்கள் மத்தியில் பொதுவான ஒரு புரிதல் உண்டு. ஒரு காரை உருவாக்கும்போது யாரை மனதில் வைத்து உருவாக்குகிறார்கள் என்பதுதான் அது. குடும்பக் கார் என்றால் பின் சீட்டில் இருப்பவரின் வசதி, டிக்கியின் அளவு, மைலேஜ் எல்லாம் முன்னால் வரும். ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டியரிங் பிடிப்பவர்தான் முதல் ஆள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அதாவது, டிரைவர் திருப்பினால் கார் உடனே திரும்ப வேண்டும். பிரேக் மிதித்தால் நேர்கோட்டில் நிற்க வேண்டும். டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பது ஸ்டியரிங் வழியாகவும் சீட் வழியாகவும் டிரைவருக்குத் தெரிய வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் 120 குதிரைத்திறன் போதும். இல்லையென்றால் 500 குதிரைத்திறன் இருந்தும் அது வெறும் வேகமான கார்தான்.

எடைதான் முதல் எதிரி

ஏன் எடையைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்கள்? பள்ளிக்கூட இயற்பியல்தான் காரணம்.

ஓடும் காரின் இயக்க ஆற்றல் அதன் எடையோடு நேர் விகிதத்தில் கூடும். 2 டன் கார், 1 டன் காரைப் போல இரண்டு மடங்கு ஆற்றலைச் சுமந்து போகிறது. அதை நிறுத்த பிரேக்கும் டயரும் இரண்டு மடங்கு வேலை செய்ய வேண்டும். வளைவில் திரும்பும்போதும் அதே கதை. எடை கூடக் கூட, கார் நேராகப் போகவே அடம்பிடிக்கும்.

அதிக சக்தியுள்ள எஞ்சின் வைத்தால், முடுக்கும்போது மட்டும் எடையைச் சமாளிக்கலாம். ஆனால் எடையைக் குறைத்தால் முடுக்கம், பிரேக், வளைவு என்று மூன்றிலும் லாபம். டயர், பிரேக் பேட் தேய்மானமும் குறையும், பெட்ரோலும் மிச்சம். பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கிய காலின் சாப்மன் வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்த கொள்கை இதுதான்.

1996-ல் வந்த லோட்டஸ் எலீஸ் இதற்குப் பெரிய உதாரணம். அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்த சேசிஸ். மொத்த எடை சுமார் 725 கிலோ. எஞ்சின் 118 குதிரைத்திறன்தான். இன்றைக்கு நம்ம ஊரில் ஓடும் ஹூண்டாய் ஐ20 என் லைன் காரிலும் ஏறக்குறைய அதே சக்திதான். ஆனால் எலீஸை உலகின் தலைசிறந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்றாக இன்றும் கொண்டாடுகிறார்கள்.

இங்கேதான் "பவர் டூ வெயிட்" கணக்கு வருகிறது. குதிரைத்திறனை எடையால் வகுத்துப் பாருங்கள். எலீஸில் 1 டன்னுக்குச் சுமார் 163 குதிரைத்திறன். இப்போதைய எம்எக்ஸ்-5 சுமார் 1,060 கிலோ, 181 குதிரைத்திறன். அதாவது டன்னுக்கு 171. பிஒய்டி சீல் பெர்ஃபார்மன்ஸில் இந்த விகிதம் அதைவிட அதிகம்தான், ஆனால் காரின் எடை 2,185 கிலோ. நேர் ரோட்டில் அது ஜெயிக்கும். வளைந்து வளைந்து போகும் ரோட்டில் அந்தக் கூடுதல் 1,100 கிலோவையும் டயர்தான் தாங்க வேண்டும்.

எம்எக்ஸ்-5 பற்றி இன்னொரு தகவல். 1989-ல் அறிமுகமான இந்தக் காரின் உற்பத்தி 2016-ல் 10 லட்சத்தைத் தாண்டியது. இரண்டு சீட் ரோட்ஸ்டர் கார்களில் உலகில் அதிகம் விற்றது இதுதான். குதிரையும் அதன் மேல் இருப்பவரும் ஒன்றாகிவிடுவது என்ற பொருளில் "ஜின்பா இட்டாய்" என்ற ஜப்பானியச் சொல்லை இதன் இலக்காக வைத்துதான் மஸ்டா இந்தக் காரை வடிவமைத்தது. இந்தியாவில் இது அதிகாரபூர்வமாக விற்பனையில் இல்லை.

எஞ்சின் எங்கே இருக்கு?

சாதாரண கார்களில் எஞ்சின் முன்னால், இழுப்பதும் முன் சக்கரங்கள்தான். இடம் மிச்சம், செலவும் குறைவு. ஆனால் திருப்புவது, இழுப்பது என்ற இரண்டு வேலையையும் ஒரே ஜோடி டயர் செய்ய வேண்டியிருக்கிறது.

ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலும் இந்த வேலையைப் பிரித்துவிடுவார்கள். முன் சக்கரம் திருப்பும், பின் சக்கரம் தள்ளும். இதிலும் மூன்று வகை உண்டு.

எஞ்சின் முன்னால், தள்ளுவது பின்னால்: எம்எக்ஸ்-5, டொயோட்டா ஜிஆர்86, பிஎம்டபிள்யூ இசட்4 எல்லாம் இந்த ரகம். எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிசமமாக இருக்கும். பழகுவதற்கு எளிது.

எஞ்சின் நடுவில்: சீட்டுக்குப் பின்னால், பின் சக்கரத்துக்கு முன்னால் எஞ்சின் இருக்கும். லோட்டஸ் எலீஸ், போர்ஷே கேமேன் இந்த ரகம். பாரம் நடுவில் குவிவதால் கார் சட்டென்று திரும்பும். அதேபோல, எல்லை மீறினால் சட்டென்று சுழன்றும் விடும்.

எஞ்சின் பின்னால்: போர்ஷே 911. 1963-ல் முதன்முதலில் காட்சிக்கு வந்ததில் இருந்து எஞ்சின் பின் சக்கரத்துக்கும் பின்னால்தான். பின்னால் சின்னதாக இரண்டு சீட்டும் உண்டு. எனவே "ரெண்டு சீட் இருந்தாதான் ஸ்போர்ட்ஸ் கார்" என்ற விதியும் கறாரானது இல்லை.

உட்காரும் உயரமும் முக்கியம். எடை எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ, வளைவில் கார் அவ்வளவு குறைவாகச் சாயும். ஸ்போர்ட்ஸ் கார்கள் ரோட்டோடு ஒட்டி இருப்பது அழகுக்காக மட்டும் இல்லை.

சூப்பர் கார், மஸில் கார், ஹாட் ஹேட்ச்... என்ன வித்தியாசம்?

சூப்பர் கார்: ஃபெராரி, லம்போர்கினி மாதிரி. விலை, வேகம், தோற்றம் மூன்றும் உச்சத்தில் இருக்கும். தினசரி ஓட்டுவதற்கு ஸ்போர்ட்ஸ் கார் அளவுக்கு வசதிப்படாது.

மஸில் கார்: அமெரிக்கப் பாணி. பெரிய வி8 எஞ்சின், நேர் ரோட்டில் அசுர பலம். இந்தியாவில் 2016-ல் வந்த ஃபோர்டு மஸ்டாங் ஜிடி-யில் 5 லிட்டர் எஞ்சின் இருந்தது.

கிராண்ட் டூரர் அல்லது ஜிடி: நீண்ட தூரம் வேகமாகவும் சொகுசாகவும் போவதற்கானது. கொஞ்சம் எடை கூடுதல்.

ஹாட் ஹேட்ச்: சாதாரண ஹேட்ச்பேக் காரில் பலமான எஞ்சின், இறுக்கமான சஸ்பென்ஷன், நல்ல பிரேக். இந்த வகையைப் பிரபலமாக்கியது 1976-ல் வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ. அதன் சக்தி 110 குதிரைத்திறன், எடை சுமார் 810 கிலோ.

கூப்பே: இது கூரையின் வடிவத்தைச் சொல்லும் பெயர் மட்டுமே. சரிந்த கூரை இருந்தால் எஸ்யூவியையும் கூப்பே என்று விற்கிறார்கள்.

எலெக்ட்ரிக் கார் ஸ்போர்ட்ஸ் கார் ஆகுமா?

ஆகலாம். 2025 ஜூலையில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த எம்ஜி சைபர்ஸ்டரில் இரண்டு சீட், திறக்கும் கூரை, மேல்நோக்கித் தூக்கும் கதவு, 510 குதிரைத்திறன் எல்லாம் உண்டு. 100 கி.மீ. வேகத்துக்கு 3.2 விநாடி என்கிறது நிறுவனம். ஆனால் எடை 2 டன்னை நெருங்குகிறது. பேட்டரி தரையில் இருப்பதால் பாரம் தாழ்வாக இருப்பது பலம், மொத்த எடை பலவீனம். பேட்டரி எடை குறையும்போதுதான் எலீஸ் மாதிரியான ஒரு எலெக்ட்ரிக் காரை எதிர்பார்க்க முடியும்.

தமிழ்நாட்டுக்கு இது புதுசு இல்லை

சின்ன எஞ்சின், குறைந்த எடை என்ற பாடத்தைத் தமிழ்நாடு எப்போதோ படித்துவிட்டது. கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன், மாருதி 800 காரின் 796 சிசி எஞ்சினை வைத்து ஒற்றை சீட் ரேஸ் காரை உருவாக்கினார். அதுதான் ஃபார்முலா மாருதி. வீட்டுக்கு காய்கறி வாங்கப் போகும் காரின் எஞ்சின்தான். ஆனால் எடை குறைந்த, தாழ்வான உடலில் பொருத்தியதும் அது ரேஸ் கார் ஆனது. இந்திய ரேஸ் டிரைவர்களில் ஒரு தலைமுறையே அதில்தான் பழகியது. 2005-ல் ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியரான கோவை நரேன் கார்த்திகேயனும் அவர்களில் ஒருவர். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே, கரிவரதனின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

அதற்கும் முன்னால் ஒரு தொடர்பு உண்டு. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார், பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டுதான். அந்த ஹெரால்டின் சேசிஸை நீளம் குறைத்து உருவாக்கியதுதான் 1962-ல் வந்த புகழ்பெற்ற டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார்.

இப்போது நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் போர்ஷே கார்களுக்கான 991 பிரிவில் 3-ம் இடம் பிடித்த பிறகு, தமிழ்நாட்டு இளைஞர்களிடம் இந்த ஆர்வம் இன்னும் கூடியிருக்கிறது. ஆர்வம் நல்லதுதான். ஆனால் ரேஸ் டிராக்கில் ஓடும் கார் வேறு, நாம் வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தப்போகும் கார் வேறு.

வாங்கும் முன் உங்களையே கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. எந்த ரோட்டில் ஓட்டப் போறீங்க? இந்திய சாலை காங்கிரஸ் தரப்படி வேகத்தடையின் உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர். அப்படி அமைத்திருந்தால் பல ஸ்போர்ட்ஸ் கார்கள் மெதுவாக ஏறி இறங்கிவிடும். ஆனால் தெருக்களில் குறுகலாகவும் செங்குத்தாகவும் போடப்படும் தடைகளில் காரின் அடிப்பகுதி தட்டும். வீட்டில் இருந்து மெயின் ரோடு வரை எத்தனை வேகத்தடை, வீட்டு வாசல் சாய்தளம் எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அது தாங்காது என்றால் வேறு எந்தத் தகுதி இருந்தும் பயனில்லை.

2. வீட்டில் இதுதான் ஒரே காரா? அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும், குழந்தையைப் பள்ளியில் விடவும் இதே கார்தான் என்றால் இரண்டு சீட் கார் பக்கமே போகாதீர்கள். மூட்டு வலி உள்ள பெரியவர்களுக்கு அவ்வளவு தாழ்வான சீட்டில் ஏறி இறங்குவது பெரிய சிரமம்.

3. சர்வீஸ் எங்கே? நெருங்கிய சர்வீஸ் சென்டர் எத்தனை கி.மீ. தூரத்தில் இருக்கிறது? நிறுவனம் அந்த மாடலை இந்தியாவில் இன்னும் விற்கிறதா? நிறுத்தியிருந்தால் பார்ட்ஸ் வர எத்தனை நாள் ஆகும்? மதுரையிலோ திருநெல்வேலியிலோ இருப்பவர், டயர் அளவு கிடைக்காமல் காரை லாரியில் ஏற்றி சென்னைக்கு அனுப்பும் நிலை வரக்கூடாது.

4. வாங்கிய பிறகு கையில் என்ன இருக்கும்? மொத்தப் பணத்தையும் காருக்கே கொட்டிவிட்டால், முதல் ரிப்பேரிலேயே கார் மூலையில் நின்றுவிடும்.

புதுசா வாங்கினால் ஏன் இவ்வளவு விலை?

இந்தியாவில் உண்மையான ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் முழுதாக இறக்குமதி ஆகின்றன. ஒரு கணக்கைப் பார்ப்போம். இந்தியத் துறைமுகம் வந்து சேரும்போது ஒரு காரின் மதிப்பு 40 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு, இந்த ரகக் கார்களுக்கு மொத்த சுங்க வரி 110 சதவீதம் என்று கணக்கிட்டால் 84 லட்சம் ஆகிவிடும். அதன் மேல் 40 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 1 கோடியே 17 லட்சத்தைத் தாண்டுகிறது. டீலர் லாபம், இன்சூரன்ஸ் தனி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள கார்களுக்கு 20 சதவீத ஆயுள் வரியும் உண்டு. வெளிநாடுகளுடன் போடப்படும் வர்த்தக ஒப்பந்தங்களால் சுங்க வரி மாறலாம் என்பதால், வாங்கும் நேரத்து விகிதத்தை டீலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இதனால்தான் வெளிநாட்டில் நடுத்தர வருமானக்காரர் வாங்கும் கார், இங்கே கோடீஸ்வரர் கார் ஆகிவிடுகிறது.

பட்ஜெட் குறைவாக இருந்தால்?

ஸ்போர்ட்ஸ் கார் தரும் சந்தோஷத்தின் பெரும்பகுதி ஓட்டுவதில்தான் இருக்கிறது என்றால், அதை வேறு வழியிலும் பெறலாம். 20 லட்சத்துக்குள் ஃபோக்ஸ்வேகன் வெர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா கார்களின் 1.5 லிட்டர் டர்போ மாடல்களில் 150 குதிரைத்திறன் கிடைக்கிறது. ஹூண்டாயின் ஐ20 என் லைன், சாதாரண ஐ20-யை விட இறுக்கமான சஸ்பென்ஷனோடு வந்தது. 50 லட்சம் அளவில் மினி கூப்பர் எஸ் உண்டு. கோல்ஃப் ஜிடிஐ, ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார்கள் 2025-ல் குறைந்த எண்ணிக்கையில் இறக்குமதியாகி விற்றன. இவை எதுவும் முழுமையான ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. ஆனால் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, வேகத்தடையையும் தாண்டி, ஞாயிற்றுக்கிழமை காலை ஏலகிரி கொண்டை ஊசி வளைவுகளில் டிரைவரைச் சிரிக்க வைக்கும்.

25 லட்சத்துக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: லாபமா, வலையா?

ஆபத்து அதிகம் இருப்பது இங்கேதான். புதிதாக 80 லட்சத்துக்கு விற்ற கார், பத்து வருடம் கழித்து 25 லட்சத்துக்கு வருகிறது. பார்க்கும்போது பெரிய லாபம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. காரின் விலைதான் இறங்கியிருக்கிறது. பார்ட்ஸ் விலை இறங்கவில்லை. பிரேக் டிஸ்க், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் எல்லாமே இன்னும் 80 லட்ச ரூபாய் காரின் விலையில்தான் கிடைக்கும்.

அதிலும் கடன் வாங்கினால்? 25 லட்சம் ரூபாயை 12 சதவீத வட்டியில் 5 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 55,600 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் 33 லட்சத்தைத் தாண்டியிருக்கும். அப்போது காரின் வயது 15. தவணை ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர்பாக்ஸ் போனால், ஓடாத காருக்குத் தவணை கட்ட வேண்டியதுதான். கார் வாங்கும் பணத்தில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கை முதல் வருட ரிப்பேருக்கு என்று தனியாக எடுத்து வைக்க முடியவில்லை என்றால், அந்த காரை வாங்க இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம்.

பழைய காரில் என்னென்ன பார்க்கணும்?

காலையில் போங்க: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், குளிரில் மட்டும் வரும் சத்தமும் புகையும் தெரியாமல் போய்விடும்.

டயர்: பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. அதிகம் ஓடாமல் நிறுத்தி வைத்த கார்களில் டயர் பட்டன் தேயாமல் இருக்கும், ஆனால் ரப்பர் காய்ந்து போயிருக்கும். அது பிடிக்காது, வழுக்கும். நான்கும் ஒரே நிறுவன டயரா என்றும் பாருங்கள். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் முன், பின் டயர் அளவு வேறு வேறாக இருக்கும். மாற்றி மாட்ட முடியாது.

பிரேக் டிஸ்க்: ஓரத்தில் விளிம்பு கட்டியிருந்தால் டிஸ்க் தேய்ந்துவிட்டது என்று பொருள். புது டிஸ்க், பேட் விலையைக் கேட்டு, அதை வைத்து விலை பேசுங்கள்.

பெயின்ட்: பெயின்ட் தடிமன் அளக்கும் சின்னக் கருவி மெக்கானிக்குகளிடம் இருக்கும். ஒரு கதவில் மட்டும் தடிமன் அதிகம் என்றால் அங்கே அடிபட்டிருக்கிறது. ஸ்போர்ட்ஸ் காரில் சேசிஸ் வளைந்திருந்தால் எந்த ரிப்பேரும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம்.

வெள்ளம்: 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் சென்னையில் ஏராளமான கார்களை மூழ்கடித்தன. தாழ்வான கார்களில் சீக்கிரமே தண்ணீர் புகும். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா? கார்பெட்டைத் தூக்கி மோந்து பாருங்கள். சீட் அடியில் உள்ள போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கிறதா?

மாற்றங்கள்: சைலன்சர் மாற்றியது, எஞ்சின் சாஃப்ட்வேரைத் திருத்தி சக்தியைக் கூட்டியது, சஸ்பென்ஷனை இறக்கியது என்றால் கூடுதல் விலை கொடுக்காதீர்கள், குறைத்துக் கேளுங்கள். அனுமதி இல்லாத மாற்றங்கள் மோட்டார் வாகனச் சட்டப்படி தவறு. இன்சூரன்ஸ் கிளெய்மிலும் சிக்கல் வரும்.

பெட்ரோல்: பல ஸ்போர்ட்ஸ் எஞ்சின்களுக்கு 95 ஆக்டேனுக்குக் குறையாத பெட்ரோல் தேவை.  அதோடு இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. பழைய காரின் எரிபொருள் குழாய்கள் எவ்வளவு எத்தனாலைத் தாங்கும் என்பது பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலோ கார் கையேட்டிலோ இருக்கும். அதைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

கடைசியாக, விற்பவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம். அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டரில் பணம் கட்டிச் சோதனை செய்யச் சொல்லுங்கள். "அதெல்லாம் எதுக்கு சார், நம்ம வண்டிதான்" என்று விற்பவர் மறுத்தால், அதுவே உங்களுக்கான பதில்.

பேப்பர் சரியா இருக்கா?

வெளிமாநிலப் பதிவு எண் உள்ள கார்கள் விலை குறைவாக இருக்கும். காரணம் இருக்கிறது. வேறு மாநிலக் காரை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு ஏற்கெனவே பதிவான ஆர்டிஓ அலுவலகத்தின் தடையில்லாச் சான்றிதழ் வேண்டும், இங்கே வரியும் கட்ட வேண்டும். டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசல், 15 வருடம் தாண்டிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டுப்பாடுகள் கொண்டுவரப்பட்டதால், அங்கிருந்து கார்கள் மலிவாக வெளியே வருகின்றன. மறுபதிவுச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் மலிவு காணாமல் போகலாம்.

ஆர்.சி.யில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான படிவம் 35-ம் வங்கியின் சான்றிதழும் வாங்காமல் பணம் கொடுக்க வேண்டாம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 வேண்டும். சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் காரிலேயே பார்த்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். நிலுவையில் உள்ள அபராதங்களை பரிவாகன் தளத்தில் பார்க்கலாம். இன்சூரன்ஸில் "ஜீரோ டெப்" கிடைக்குமா என்று முன்பே கேளுங்கள், வயதான கார்களுக்குப் பல நிறுவனங்கள் தருவதில்லை.

வாங்கியாச்சு... எங்கே ஓட்டுவது?

இந்தியாவில் எக்ஸ்பிரஸ்வேயிலேயே காருக்கான உச்சபட்ச வேகம் 120 கி.மீ.தான். 250 கி.மீ. போகும் காருக்கு இங்கே சட்டப்படி வேலை இல்லை. பொது ரோட்டில் ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவின்படி 5,000 ரூபாய் அபராதம், சிறைத் தண்டனைக்கும் வழி உண்டு.

அபராதத்தை விடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. 100 கி.மீ. வேகத்தில் கார் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடுகிறது. ஈசிஆரில் குறுக்கே ஒருவர் வருவதைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்த 28 மீட்டர் போய்விடும். வேகம் 160 ஆனால், காரின் இயக்க ஆற்றல் 100-ல் இருந்ததைப் போல இரண்டரை மடங்கு. எவ்வளவு விலை உயர்ந்த பிரேக் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. எதிரே வருபவரிடம் அந்த பிரேக்கும் இல்லை, ஏர்பேகும் இல்லை.

வேகத்தைப் பார்க்க ஆசை இருந்தால் அதற்கு இடம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ரேஸ் டிராக்கிலும் கோவை கரி ஸ்பீட்வேயிலும் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் டிராக் டே நிகழ்ச்சிகள் அவ்வப்போது நடக்கின்றன. ஹெல்மெட் போட்டு, ஒரே திசையில், பயிற்சியாளர் மேற்பார்வையில் ஓட்டலாம். எதிரே பைக் வராது, நாய் குறுக்கே ஓடாது. முதல் டிராக் டேக்கு ஸ்போர்ட்ஸ் கார் தேவையே இல்லை, இருக்கிற காரோடு போகலாம். பிரேக் எங்கே மிதிப்பது, வளைவை எங்கே தொடுவது என்று ஒரு நாளில் கற்றுக்கொள்வது, கூடுதலாக 100 குதிரைத்திறன் வாங்குவதை விட மேல்.

கடைசியாக ஒரு டெஸ்ட்

டெஸ்ட் டிரைவ் போகும்போது வேகத்தைச் சோதிக்காதீர்கள். 50, 60 கி.மீ. வேகத்தில் ஒரு நல்ல வளைவில் திருப்பிப் பாருங்கள். ஸ்டியரிங் என்ன நடக்கிறது என்று கைக்குச் சொல்கிறதா? பிரேக் மிதித்த அளவுக்குச் சரியாக நிற்கிறதா? கார் உங்களைச் சுற்றித் திரும்புகிற மாதிரி இருக்கிறதா? அந்த வேகத்திலேயே முகத்தில் சிரிப்பு வந்தால் அது ஸ்போர்ட்ஸ் கார். 150-ல் போனால்தான் சந்தோஷம் தருகிறது என்றால், அது உங்கள் லைசென்ஸையும் உயிரையும் கேட்கிற கார். அதை ஷோரூமிலேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.